பம்பாய் ரோட்டைத் தாண்டிய பலூன்

எங்கள் குடும்பம் ஒரு காலத்தில் பலூன் பந்தயத்தில் இறங்கிய குடும்பம் என்று சொன்னால், கேட்கிறவர்கள் என்னை ஏற இறங்கப் பார்க்கிறார்கள். ஆள் ஏறிப் போகிற பலூன் இல்லை. அதற்கெல்லாம் எங்களுக்கு வசதியும் கிடையாது, அம்மா விட்டிருக்கவும் மாட்டாள். டிஷ்யூ பேப்பரை மைதாப் பசையால் ஒட்டி, உள்ளே அனலைப் பிடித்து ஆகாயத்தில் விடுகிற காகித பலூன். ஆனாலும் அப்பா ஸ்டூல் போட்டு ஏறிப் பிடிக்கிற உயரம் இருக்கும்.

ஹைதராபாத் பாலாநகரில் அப்பா வேலை பார்த்த தொழிற்சாலையின் குவார்ட்டர்ஸில், குடியரசு தினத்தன்று கொடியேற்றத்துக்கு முன்னால் இந்தப் பந்தயம் நடக்கும். காலைக் குளிர் இருந்தால்தான் அனல் பலூன் ஒழுங்காக எழும்பும். பலூனோடு தீ போகக் கூடாது. மைதானத்தில் வைத்திருக்கும் தகர டிரம் அடுப்பின் சூட்டை மட்டும் நிரப்பிக்கொண்டு அது பறக்க வேண்டும். பறந்து பம்பாய் ரோட்டைத் தாண்டி விழ வேண்டும். துரத்திப் போய், அதை எடுத்துக்கொண்டு முதலில் திரும்பி வருகிற குடும்பத்துக்குக் கோப்பை. செய்வது, பிடிப்பது, துரத்துவது எல்லாம் ஒரே குடும்பத்து ஆட்களாக இருக்க வேண்டும் என்பதுதான் முக்கியமான விதி.

அப்பாவுக்கு அந்தக் கோப்பையின் மேல் ஒரு கண். ஆனால் ஒரு வருஷம் எங்கள் பலூன் கேன்டீன் கூரையில் போய் உட்கார்ந்துகொண்டது. இன்னொரு வருஷம் ரோட்டைத் தாண்டாமலே ஒரு எருமையின் முன்னால் இறங்கி மிதிபட்டது. அப்பாவைக் காலனியில் 'கேன்டீன் பலூன்' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அவரும் சிரித்துக்கொள்வார். வீட்டுக்கு வந்து எங்கள் மேல் எரிந்து விழுவார்.

எங்கள் அணியில் உண்மையான கைகாரி அத்தைதான். அப்பாவின் தங்கை. அதே தொழிற்சாலையில் டிராயிங் ஆபீசில் டிரேசர் வேலை; கோடு இழுத்தால் முடி பிசகாது. திருநெல்வேலிப் பக்கமிருந்து பாஸ்டர் வழியாக வந்த வரன்களை எல்லாம் அப்பா ஏதாவது ஒரு நொட்டை சொல்லித் தட்டிக் கழித்துக்கொண்டே வந்ததில், அத்தைக்கு வயது முப்பதைத் தாண்டியிருந்தது. இதையெல்லாம் நான் பிற்பாடுதான் கணக்குக் கூட்டிப் பார்த்தேன். அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், அத்தை ஒட்டினால் காகிதத்தில் சுருக்கம் விழாது என்பதுதான்.

அந்த வருஷம் காகிதம் கொண்டுவந்து கொடுத்தவர் அத்தையின் ஆபீஸ்காரர் ஒருவர். மோட்டார் சைக்கிளில் வருவார் என்பதால் எனக்கு அவர் பைக் அங்கிள். தெலுங்குக்காரர். எங்களைப் போல் சர்ச்சுக்குப் போகிற வேதக்காரரும் இல்லை. கிறிஸ்துமஸுக்கு அடுத்த நாள், ஆரஞ்சும் வெள்ளையுமாக ஒரு பெரிய சுருள் டிஷ்யூ பேப்பரோடு வந்து வாசலில் நின்றார். அப்பா காகிதத்தை வாங்கிக்கொண்டார். தடவிப் பார்த்து, உசத்தி சரக்கு என்று மெச்சவும் செய்தார். உட்காரச் சொல்லவில்லை. அம்மாதான் ஒரு தட்டில் கேக் துண்டை வைத்து நீட்டினாள். அவர் அதை நின்றபடியே சாப்பிட்டார். அத்தை அன்றைக்குப் பசை காய்ச்சிக்கொண்டே பாட்டு முணுமுணுத்தாள். அடுப்படியில் அம்மா அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பந்தயத்தன்று மைதானம் முழுக்கப் பனியும் புகையும். எங்கள் முறை வந்தபோது அப்பா ஸ்டூலில் ஏறி உச்சியைப் பிடித்தார். அம்மாவும் அண்ணனும் ஆளுக்கொரு பக்கம் விரித்துப் பிடிக்க, அத்தை கீழே குந்தி, மூங்கில் வளையத்தை அடுப்பின் குழாய்க்கு நேராக வைத்துக்கொண்டாள். எனக்கு எதையும் தொடக் கூடாது என்பது உத்தரவு. பலூன் மெல்ல உப்பி, பொங்கின பூரி மாதிரி ஆனது. அத்தை, "விடுங்கண்ணே!" என்று கத்தினாள். அது போயிற்று. கேன்டீனைத் தாண்டி, தண்ணீர் டாங்கியைத் தாண்டி, ஒரு தடவைகூடச் சாயாமல் பம்பாய் ரோட்டுப் பக்கம் போயிற்று. காலனியே வாயைப் பிளந்து பார்த்தது.

அப்பா ஸ்கூட்டருக்கு ஓடினார். உதைத்தார். ஸ்கூட்டர் இருமியது. பக்கவாட்டில் சாய்த்துப் பார்த்து மறுபடி உதைத்தார். அதற்குள் மற்ற வீட்டு வண்டிகள் கேட்டைத் தாண்டிவிட்டன. ஆரஞ்சுப் புள்ளி சிறுத்துக்கொண்டே போனது. எனக்கு அழுகை முட்டியது. மைதானத்தைச் சுற்றிக் கட்டியிருந்த கயிற்றுக்கு வெளியே, வேடிக்கை பார்க்கிறவர்களோடு பைக் அங்கிள் நின்றிருந்தார். அத்தை ஒரு முறை அப்பாவைப் பார்த்தாள், ஒரு முறை வானத்தைப் பார்த்தாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடிப்போய் அவர் வண்டியின் பின்னால் உட்கார்ந்துவிட்டாள். அத்தனை பேர் பார்க்க, அவர் தோளில் கையும் வைத்துக்கொண்டாள்.

"போ அத்தை, போ!" என்று நான் குதித்தேன். அப்பா உதைப்பதை நிறுத்திவிட்டார்.

முதலில் திரும்பி வந்தது அந்த மோட்டார் சைக்கிள்தான். அத்தையின் கொண்டை அவிழ்ந்து, சேலையில் முள்ளும் மண்ணும் ஒட்டி, முகமெல்லாம் சிரிப்பு. மடித்த பலூனைத் துண்டு மாதிரி தோளில் போட்டிருந்தாள். பாறைகளுக்கு நடுவே ஒரு சீத்தாப்பழ மரத்தில் மாட்டியிருந்ததாம். அவர் ஏறி எடுத்தாராம். அம்மாகூட என்னைக் கட்டிக்கொண்டாள்.

அடுத்து வந்த வீட்டுக்காரர் சும்மா விடுவாரா? துரத்தினது வெளியாள், செல்லாது என்று பிடித்துக்கொண்டார். காலனி செக்ரட்டரி நல்ல மனிதர், பழைய ஹைதராபாத்காரர். அப்பாவைப் பார்த்து, "இனோ கோன் ஜி? ஆப்கே கர்கேச் க்யா?" என்று கேட்டார். யார் இவர், உங்கள் வீட்டு ஆள்தானா என்று. அப்பா வாயைத் திறப்பதற்குள் செக்ரட்டரியே கண்ணைச் சிமிட்டி, இன்றைக்கு வீட்டு ஆளாக இல்லாவிட்டால் என்ன, வரப்போகிற மச்சான் என்றாலும் எனக்குச் சம்மதம், ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் கோப்பை உங்களுக்குத்தான் என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

பைக் அங்கிள் சிரிக்கவில்லை. சிராய்த்த கையைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டிருந்தவர், துடைப்பதை விட்டுவிட்டு அப்பாவையே பார்த்தார். அத்தை யாரையும் பார்க்காமல், தோளில் கிடந்த காகிதத்தின் மடிப்பை நீவி நீவி விட்டுக்கொண்டிருந்தாள். நான் அப்பாவின் கையைப் பிடித்து இழுத்தேன். "ஆமான்னு சொல்லுங்கப்பா! சொல்லுங்கப்பா!" என்றேன்.

அப்பாவுக்குத் தெலுங்கு அரைகுறை. காய்கறிக்காரியிடம் பேசவே அண்ணன் துணைக்கு வேண்டும். அன்றைக்கு அவர் ஒரு பிழை இல்லாமல் தெலுங்கிலேயே சொன்னார்: "ஈயன மாக்கு எவரூ காரு. தாரின போயே மனிஷி." இவர் எங்களுக்கு யாரும் இல்லை, வழியில் போகிற ஆள்.

சிரிப்பு அடங்கியது. யாரோ கைதட்டினார்கள். பிறகு எல்லாரும் தட்டினார்கள். கையில் விழுந்த கோப்பையை உண்மைக்காக விட்டுக்கொடுத்த மனுஷன் என்று செக்ரட்டரி அப்பாவைத் தழுவிக்கொண்டார். ஆறுதல் பரிசாக ஒரு தெர்மாஸ் பிளாஸ்க் கொடுத்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பாஸ்டர்கூட நேர்மைக்கு உதாரணமாக இதைச் சொன்னார். அன்றோடு 'கேன்டீன் பலூன்' என்ற பெயர் போயிற்று. அப்பாவைப் பற்றி எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

பைக் அங்கிள் வண்டியை ஸ்டார்ட் செய்யாமல், கேட் வரைக்கும் தள்ளிக்கொண்டே போனார். பெட்ரோல் தீர்ந்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்தேன். கோடை வருவதற்குள் பெங்களூருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டாராம். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் யாரும் பலூன் ஒட்டவில்லை. அப்பா காகிதத்தோடு வந்தபோது, ஆபீசில் கோடு போட்டே விரல் வலிக்கிறது என்று அத்தை சொல்லிவிட்டாள். அத்தைக்குக் கல்யாணம் நடக்கவில்லை. ரிட்டயராகி, அப்பாவோடும் அம்மாவோடும் எங்கள் வீட்டிலேயே இருந்தாள். வயதான காலத்தில் அப்பா ஒரே ஒரு தடவை, சாப்பாட்டின் நடுவே, "அன்னைக்கு மட்டும் அந்த ஸ்கூட்டர் ஸ்டார்ட் ஆயிருந்தா..." என்று தொடங்கினார். அத்தை எழுந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அப்பா அதைக் குடிக்காமலே கை கழுவப் போனார். எனக்கு இருவரையும் நினைத்தால் இன்றும் மனசு ஆறுவதில்லை.

பந்தயத்தன்று மத்தியானம் நான் கோப்பைக்காக அழுது அழுது வீங்கிப் போயிருந்தேன். அத்தை என்னைப் பின்கட்டுக்குக் கூட்டிப்போய் முகம் கழுவிவிட்டாள். "கப்புதானட்டி, போனா போவுது," என்றாள். சொன்னவளின் கண்ணும் நிறைந்து வழிந்தது. அடடா, இவளுக்கும் கோப்பை மேல் அவ்வளவு ஆசையா என்று எனக்கு அவள் மேல் பாவமாகிவிட்டது. என் அழுகையை நிறுத்திக்கொண்டு, ஈரக் கையால் அவள் கன்னத்தைத் துடைத்து, தைரியம் சொன்னேன்.

"அழாத அத்தை. அடுத்த வருஷம் ஸ்கூட்டர முன்னாடியே ரிப்பேர் பண்ணிருவோம்."

அத்தை முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டாள். "ஆமாட்டி, பண்ணிருவோம்," என்றாள். எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் விளையாடப் போனேன்.