மாரீஸ்வரி மன்னிப்புக் கேட்க மாட்டாள்

இரண்டு வாரம் முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கணேசன் வந்தார். கையில் பால்கோவா டப்பா.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையத்துக்குப் பால்கோவாவோடு ஒருவர் என்னைத் தேடி வந்தால் விஷயம் ஒன்றுதான் — மன்னிப்புக் கடிதம்! முப்பது வருஷம் நூல் மில் ஆபீஸில் குப்பை கொட்டியவள் நான். லேட்டாக வந்தவர், லீவு சொல்லாமல் கோவில் கொடைக்குப் போனவர், சூப்பர்வைசரை முறைத்தவர்... எல்லாருக்கும் எழுதிக் கொடுத்த கை இது. 'நடந்த தவறுக்கு மனப்பூர்வமாக வருந்துகிறேன். இனி இவ்வாறு நடக்காது.' கண்ணை மூடிக்கொண்டு எழுதுவேன். தவறு நடந்ததா என்று ஒருநாளும் கேட்டதில்லை. மெமோ வந்தால் மன்னிப்பு... அதுதானே நம் ஊர் வழக்கம்?

கணேசன் அந்தக் காலத்தில் எங்கள் மில் பஸ்ஸை ஓட்டியவர். இப்போது கிருஷ்ணன்கோவில் பக்கம் காலேஜ் பஸ் ஓட்டுகிறார். பின்னாலேயே அவர் மகள் மாரீஸ்வரி, முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு வந்தாள்.

"அக்கா, மெமோ இவளுக்குத்தான். வேலை நிரந்தரமாகுற நேரம். மன்னிச்சிருங்கன்னு நாலு வரி எழுதிக் குடுங்க. இவ எழுத மாட்டேங்கா."

மாரீஸ்வரிக்கு ஒரு பெரிய ஊர் விமான நிலையத்தில் வேலை. (எந்த ஊர் என்று கேட்காதீர்கள், வம்பு.) ஏர் ஹோஸ்டஸ் என்று அவள் தெருவில் பாதிப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இல்லை. இறங்கிய விமானம் கேட்டுக்கு முன்னால் வந்து நிற்கிறதே, அங்கே வெயிலில் றெக்கையோரமாக நிற்கிற ஆள். றெக்கை நுனிக்கும் பக்கத்தில் இருப்பதற்கும் எவ்வளவு இடைவெளி என்று பைலட்டுக்குச் சரியாகத் தெரியாது. எதிரே நின்று கை காட்டுகிறவருக்கும் முழுக்கத் தெரியாது. பார்க்க வேண்டியது இவள் கண். இடிக்கும் போலிருந்தால் கையிலிருக்கும் இரண்டு கோல்களையும் தலைக்கு மேல் பெருக்கல் குறி மாதிரி பிடிக்க வேண்டும். எதிரே நிற்பவரும் உடனே அப்படிப் பிடிப்பார். விமானம் நின்றுவிடும்.

அன்றைக்கு அப்படித்தான் பிடித்திருக்கிறாள். விமானம் வரும்முன் பார்த்தபோது இடம் சுத்தமாக இருந்ததாம். வந்து கொண்டிருக்கும்போது பார்த்தால், பெட்டி ஏற்றும் டிராலி ஒன்றை யாரோ தரையில் போட்டிருக்கும் சிவப்புக் கோட்டைத் தாண்டி விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். அந்தக் கோட்டுக்குள் ஒரு துரும்புகூட இருக்கக்கூடாது.

டிராலியை எடுக்க ஆள் தேடி, விமானம் மறுபடி நகரப் பன்னிரண்டு நிமிஷம். உள்ளே பயணிகள் கத்தல். அடுத்த விமானத்தைத் தவறவிட்டவர்கள் புகார். பிறகு ஓர் அதிகாரி, டிராலி நின்ற இடத்தைக் குறித்துவைத்து, டேப் கொண்டுவந்து அளந்திருக்கிறார். இடிக்காமல் போயிருக்குமாம்! ஆகவே மெமோ — தேவையில்லாமல் நிறுத்தியதற்கு.

"டிராலிய விட்டவருக்கு என்ன?" என்று கேட்டேன்.

"அவருக்கு ஒண்ணும் இல்ல அத்தை."

சரிதான். நம் நாட்டில் எதையாவது நிறுத்துகிறவர்தானே குற்றவாளி? நான் பேனாவை எடுத்தேன். 'மனப்பூர்வமாக' வரை வந்துவிட்டேன்.

"அத்தை, அந்த வார்த்தைய அடிங்க."

"ஏட்டி, வேலை போயிரும். எழுதிக் குடுத்துட்டு உன் பாட்டுக்கு இரு."

"எழுதிக் குடுத்தா, அடுத்த தடவை நிறுத்தவா வேண்டாமான்னு யோசிச்சுக்கிட்டே நிப்பேன். அதுக்குள்ள றெக்கை இடிச்சிரும். கீழ ஆளுங்க நிக்காங்க. எஞ்சின் ஓடும்போது பக்கத்துல போனா ஆளையே உள்ள இழுத்துரும். வெளையாட்டு இல்ல அத்தை."

"டேப் வச்சுப் பாத்து இடிக்காதுன்னு சொல்லுதாங்கல்லா?" என்றார் கணேசன்.

அவள் அப்பா பக்கம் திரும்பினாள். "நின்ன பொறவு யாரும் அளக்கலாம். யப்பா, நீங்க பஸ்ஸ ரிவர்ஸ் எடுக்கீங்க. பின்னால நிக்கிறவரு டப்புனு தட்டுதாரு. என்ன செய்வீங்க?"

"பிரேக் போடுவேன்."

"எம்புட்டு இடம் கெடக்குன்னு எறங்கிப் பாத்துட்டா?"

"தட்டின உடனே போடணும்ல."

"நிறுத்தின பொறவு, இடம் நிறையக் கெடந்தா? அவர வைவீங்களா?"

 

"வைய மாட்டேன்... வஞ்சா அடுத்த தடவை தட்ட மாட்டான்."

சொல்லிவிட்டுக் கணேசன் மகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் கையிலிருந்த தாளை வாங்கி நாலாக மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "இவ சொல்லுதத எழுதுங்க அக்கா."

எனக்குச் சுருக்கென்றது. சத்தம் சரியில்லை என்று மெஷினை நிறுத்திய ஒருத்திக்கு எங்கள் மில்லிலும் மெமோ வந்தது. நான்தான் எழுதினேன் — இனி இவ்வாறு நடக்காது. நடக்கவே இல்லை! அதற்குப் பிறகு அவள் எந்த மெஷினையும் நிறுத்தவில்லை. அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

மாரீஸ்வரி சொல்லச் சொல்ல எழுதினேன். 'கோட்டுக்குள் டிராலி இருந்தது. இடிக்குமோ என்று சந்தேகம் வந்தது. நிறுத்தினேன். மறுபடி சந்தேகம் வந்தால் மறுபடியும் நிறுத்துவேன். டிராலி அங்கே எப்படி வந்தது என்று விசாரிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.'

"பணிவுடன்னு ஒரு வார்த்தை சேத்துக்கிடட்டா?"

"அது வேணும்னா போட்டுக்கோங்க."

அடுத்த வியாழக்கிழமை போன் வந்தது. பதில் வந்ததா என்று பதறிக்கொண்டு கேட்டேன்.

"இன்னும் இல்ல அத்தை. வேலை உண்டா இல்லையான்னு தெரியல. ஆனா இன்னிக்குக் காலைல இன்னொரு ஃப்ளைட்ட நிறுத்திட்டேன்."

"ஏட்டி! ஏன்?"

"சந்தேகம் வந்துச்சு."

"நல்லாச் செஞ்ச!" என்று கத்தினேன். பக்கத்து வீட்டில் எட்டிப் பார்த்தார்கள்.

இதை அந்த அதிகாரி படித்தாலும் சரி... நான் வருந்தவில்லை.