முந்நூறு மில்லி

கீழவாஞ்சூர் துறைமுகச் சாலையில் ஓர் எடைமேடையில் கார்த்திகேசன் அண்ணனுக்கு வேலை. லாரி காலியாகப் போகும்போது ஓர் எடை, நிலக்கரியோடு திரும்பும்போது ஓர் எடை. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்துச் சீட்டு அடித்துக் கொடுக்க வேண்டும். சித்திரை வெயிலில் அந்தத் தகரக் கூண்டுக்குள் மற்றவர்கள் பனியனோடு உட்கார்ந்திருப்பார்கள். அண்ணன் மட்டும் இரண்டு பனியன் போட்டு, அதற்கு மேல் முழுக்கைச் சட்டையும் போட்டிருப்பார்.

காரணம் அவருடைய மார்பு. பதினான்கு வயதில் இரண்டு பக்கமும் புடைத்தது, பிறகு அடங்கவே இல்லை. ஒரு நாள் பம்புசெட்டில் குளித்துக்கொண்டிருந்தபோது தாய்மாமன் திருஞானசம்பந்தம், "என்னடா மாப்ள, சமைஞ்சிட்டியா?" என்று கேட்டுவிட்டார். வரப்பில் நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். மாமா கெட்டவர் இல்லை. அவருக்கு வாய் சும்மா இருக்காது. அன்றிலிருந்து பதினைந்து வருடமாக அண்ணன் யார் முன்னாலும் சட்டையைக் கழற்றவில்லை.

இந்த வருடம் அவருக்குக் கல்யாணம் நிச்சயமானது. பெண் நிரவியில் பள்ளிக்கூட ஆசிரியை, கீர்த்திகா. எங்கள் வீட்டு வழக்கப்படி கல்யாணத்துக்கு முதல் நாள் மாப்பிள்ளையை வேட்டியோடு, வெற்றுடம்பாக மனையில் உட்காரவைத்து மஞ்சளும் சந்தனமும் பூசுவோம். நலங்கை ஆரம்பித்துவைப்பவர் தாய்மாமன். தேதி குறித்த அன்று எல்லாரும் பாயசம் சாப்பிட்டார்கள். அண்ணன் இலையை மூடிவிட்டு எழுந்துபோனார்.

நான் அவருடைய சித்தப்பா மகள். ஆறு வருடம் ஊர் ஊராக, நாடு நாடாகச் சுற்றிவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்தேன். கூச்சப்படாமல் எதையும் கேட்கிறவள் என்று எனக்கு வீட்டில் ஒரு பெயர் உண்டு. அதனால் என்னிடம் வந்தார்.

"பாப்பா, புதுச்சேரிக்கு என்னோட வர்றியா? ஒரு டாக்டரப் பாக்கணும்."

"ஒடம்புக்கு என்னண்ணே?"

"ஒண்ணுமில்ல. கொஞ்சம் கொழுப்பு எடுக்கணும்."

"உனக்கா? நம்ம மாமாவுக்கில்ல எடுக்கணும்."

அவர் சிரிக்கவில்லை. பிறகுதான் எல்லாவற்றையும் சொன்னார். கைப்பேசியில் ஒரு விளம்பரத்தையும் காட்டினார். காலையில் வந்து மாலையில் வீடு திரும்பலாம் என்று போட்டிருந்தது. நலங்குக்கு ஒரு வாரம் முன்பு முடித்துவிட்டால் யாருக்கும் தெரியாது என்பது அவர் போட்டுவைத்திருந்த திட்டம்.

விளம்பரக்காரர்களிடம் போகாமல், பிளாஸ்டிக் சர்ஜரி படித்த டாக்டர் மெஹர் பானுவிடம் போனோம். சட்டையைக் கழற்ற அண்ணனுக்குப் பத்து நிமிடம் ஆனது. நான் திரைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

"ஓடிப் பாத்தீங்களா? எடை குறைச்சீங்களா?"

"ரெண்டு வருஷம் கடற்கரையில ஓடுனேன் மேடம். எட்டுக் கிலோ எறங்குச்சு. இது மட்டும் போகல."

"போகாது. இங்க கொழுப்பு மட்டும் இல்ல. காம்புக்குக் கீழ கெட்டியா ஒரு வட்டம் தட்டுப்படுது பாருங்க, அது சுரப்பி. கொழுப்ப ஊசி மாதிரி ஒரு குழாய் விட்டு உறிஞ்சி எடுப்போம். சுரப்பிய சின்னதா வெட்டித்தான் எடுக்கணும். ஹார்மோன், தைராய்டு எல்லாம் பாத்துட்டுத்தான் கை வைப்பேன்."

அண்ணன் தன் தொழில் கேள்வியைக் கேட்டார். "மொத்தம் எத்தன கிலோ குறையும் மேடம்?"

"இது எடை குறைக்கிற ஆபரேஷன் இல்லைங்க. வடிவத்த மட்டும் சரிபண்ணும். ரெண்டு பக்கமும் சேத்து முந்நூறு மில்லி வரும். ஒரு பெரிய டம்ளர்னு வச்சுக்குங்களேன்."

நாற்பது டன் லாரிகளை எடைபோடுகிற மனுஷன். "ஒரு டம்ளரா," என்றார்.

வந்ததுதான் வந்தோம், கன்னத்திலும் கொஞ்சம் எடுத்துவிடலாமா என்று கேட்டுப் பார்த்தார். டாக்டர் மறுத்துவிட்டார். வயது ஏற ஏற முகத்துக் கொழுப்பு தானாகவே வற்றும், இப்போது எடுத்தால் ஐம்பதில் கன்னம் ஒட்டிப்போய்விடும் என்றார். பிறகு, ஆபரேஷனுக்கு அப்புறம் என்னென்ன ஆகும் என்று சொன்னார். ரத்தம் கட்டலாம். கொஞ்ச நாள் மரத்துப்போன மாதிரி இருக்கும். இரண்டு பக்கமும் அச்சு அசலாக ஒன்றுபோல் வரும் என்று வாக்குத் தர முடியாது. வீக்கம் முழுதாக வடிய மூன்று மாதம் ஆகும். ஆறு வாரம் இரவும் பகலும் இறுக்கமான ஒரு பனியன் போட்டிருக்க வேண்டும்.

"ஆறு வாரமா? எனக்கு நாலு வாரத்துல நலங்கு மேடம்."

"கல்யாணத்த முடிச்சிட்டு வாங்களேன். அவசரமே இல்ல. இப்பவே பண்ணணும்னா பண்றேன், ஆனா நலங்கா இருந்தாலும் பனியன் கழறக் கூடாது. நெஞ்சுல யாரும் தேய்க்கவும் கூடாது." பிறகு, "கட்டிக்கப்போறவங்களுக்குத் தெரியுமா?" என்றார்.

அண்ணன் சட்டையை மாட்டிக்கொண்டு திரையை விலக்கினார்.

திரும்பும் வழியில் சிதம்பரத்தில் பஸ் நின்றபோது கீர்த்திகாவைக் கூப்பிட்டார். தனியாகக் கேட்கத் தைரியம் இல்லாமல் ஸ்பீக்கரில் போட்டு என் பக்கம் நீட்டிக்கொண்டார். முறுக்கு விற்கிறவர் இரண்டு தடவை எங்களைத் தாண்டிப் போனார். அதற்குள் அண்ணன் எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டார்.

"இதுக்காத்தான் பொண்ணு பாக்க வந்தப்ப கோட்டப் போட்டுட்டு உக்காந்திருந்தீங்களா?" என்றாள் கீர்த்திகா. "எங்கம்மா ஒங்களுக்கு என்னவோ வேர்க்கிற வியாதின்னு பயந்துட்டாங்க."

"நான் சீரியஸா சொல்லிட்டு இருக்கேன்."

"நானும் சீரியஸாத்தான் கேக்குறேன். இப்ப என்ன பண்ணப்போறீங்க?"

"ஆபரேஷன் பண்ணிக்கிறேன். நலங்குல கேட்டா, லாரி மோதி விலா எலும்புல அடின்னு சொல்லிடலாம்னு..."

"வேணாங்க. அந்தப் பொய்ய அப்புறம் நானும் காலம் பூரா சொல்லணும். எந்த லாரி, எந்த எலும்புன்னு ஒங்க அத்தை கேப்பாங்க. பண்ணிக்கங்க, பண்ணிக்காம இருங்க, எனக்கு ரெண்டும் ஒண்ணுதான். மறைக்கிற வேலைக்கு மட்டும் என்னைச் சேக்காதீங்க."

பஸ் சீர்காழி தாண்டியதும் அண்ணன் என் பக்கம் திரும்பினார். "இது அவளுக்காக இல்ல பாப்பா. எனக்கே வேணும்," என்றார்.

ரத்தப் பரிசோதனைகளில் குறை எதுவும் இல்லை. ஒன்பதாம் நாள் ஆபரேஷன். இரண்டு நாளில் வீட்டுக்கு வந்துவிட்டார். மார்பு கத்தரிக்காய் நிறத்தில் கன்றிப் போயிருந்தது. அண்ணனின் அம்மாவான பெரியம்மாவிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னோம். அவர் அழுதார், பிறகு மாமாவைத் திட்டினார், பிறகு ரசம் வைத்தார்.

முதல் நாள் புதுச்சேரியில் மறுசோதனை முடித்துவிட்டு, நலங்கு அன்று காலையில்தான் அண்ணன் வந்து சேர்ந்தார். கன்றல் மறைந்திருந்தது. கூடம் நிறையச் சொந்தக்காரர்கள். அண்ணன் மனையில் உட்கார்ந்து சட்டைப் பொத்தானில் கை வைத்தார். ஒவ்வொரு பொத்தானாகக் கழற்றினார். உள்ளே கழுத்திலிருந்து இடுப்புவரை கறுப்பாக இறுக்கிப் பிடித்த, கை இல்லாத பனியன்.

மஞ்சள் கிண்ணத்தோடு குனிந்த மாமா அப்படியே நின்றார். "என்னடா மாப்ள இது, முங்கு நீச்சலுக்குப் போறியா?"

கூடம் சிரித்தது. சிரிப்பு அடங்கட்டும் என்று அண்ணன் விட்டுவிட்டார்.

"நெஞ்சுல ஆபரேஷன் பண்ணியிருக்கேன் மாமா. சின்ன வயசுலேருந்து இருந்துச்சுல்ல, அத எடுத்தாச்சு. இங்க மட்டும் கை வைக்காதீங்க. தோள்ல பூசுங்க."

மாமாவுக்குப் பம்புசெட் ஞாபகம் வந்ததா என்று அவர் முகத்தைப் பார்த்தேன். வந்த மாதிரியே தெரியவில்லை.

"வலிச்சுதாடா?" என்றார்.

"மொத ரெண்டு நாள் வலிச்சுது."

"சொல்லியிருந்தா ஆஸ்பத்திரிக்கு நான் கூட வந்திருப்பேன்ல," என்று மாமா சொல்லிவிட்டு, மஞ்சளை விரலில் தொட்டுக் கண்ணாடிச் சாமானில் பூசுவதுபோல அண்ணன் தோளிலும் கையிலும் பூசினார். அண்ணனின் முதுகு மெல்ல நிமிர்ந்தது.

அதற்குள், கீர்த்திகா சொன்ன அதே திரிபுரசுந்தரி அத்தை கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்துவிட்டார்.

"ஏண்டா, இந்த வயித்தக்கூட எடுப்பாங்களா? எடுத்தா ஒரு இருபது கிலோ குறைஞ்சிருவேனா?"

"அது எடை குறைக்கிறதுக்கு இல்ல அத்தை. ஒங்களுக்கு சுகர் வேற இருக்கு, அதையெல்லாம் டாக்டர் பாக்கணும். மொதல்ல கொழுப்பு வேற, சுரப்பி வேற, அதப் புரிஞ்சிக்கங்க."

"மாப்ள, நலங்க முடிச்சுக்கலாம்டா. ஆரத்திக்கு ஆளுங்க நிக்கிறாங்க," என்றார் மாமா.

"இருங்க மாமா," என்றார் அண்ணன், மஞ்சள் பூசிய கையை உயர்த்தி. "அத்தைக்கு இதச் சொல்லிடறேன்."