அறுபது லட்சத்துக்கு எவ்வளவு சம்பாதிக்க வேண்டும்

வீட்டுக்கார அம்மா திருச்சியிலிருந்து போன் செய்தபோது நான் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தேன்.

"பதினோரு வருசமா குடியிருக்கீங்க, மொதல்ல ஒங்களத்தான் கேக்கணும்னு தோணுச்சும்மா. அறுபது லட்சம்னா ஒங்களுக்கே குடுத்துர்றேன். தை வரைக்கும் வெளியாளுக்குச் சொல்ல மாட்டேன்."

நானும் "சரிங்கம்மா" என்றேன், ஏதோ அரைக் கிலோ கத்தரிக்காய்க்கு விலை சொன்ன மாதிரி. போனை வைத்த பிறகுதான் அறுபது லட்சத்துக்கு எத்தனை சைபர் என்று எண்ணிப் பார்த்தேன்.

கீரனூரில் மெயின் ரோட்டை ஒட்டி ஐந்து சென்ட் இடம், அதில் ஒரு பழைய வீடு. முன்னறையில் என் வீட்டுக்காரர் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். குன்றாண்டார்கோவில் பக்கத்திலிருந்தெல்லாம் கிணற்று மோட்டார் எரிந்துபோனால் இங்கேதான் தூக்கிக்கொண்டு வருவார்கள். வீடு கைமாறினால் கடையும் போய்விடும். நாற்பத்தாறு வயதில் அவர் வேறு எங்கோ போய் போர்டு மாட்டி ஆள் வரக் காத்திருப்பதை நினைத்தாலே எனக்குப் பயமாக இருந்தது. வீட்டு ஆசையைவிட அந்தப் பயம்தான் பெரிது.

நகையை விற்று, சீட்டையும் எடுத்தால் பன்னிரண்டு லட்சம் தேறும். மீதி நாற்பத்தெட்டுக்கு பேங்க் லோன். எங்கள் பள்ளிக்கூடத்துக் கணக்கு டீச்சர் போட்டுக் கொடுத்தார்: இருபது வருடம் என்றால் தவணை நாற்பத்து மூவாயிரம், வருமானம் அதைப் போல இரண்டு மடங்கு வேண்டும், அதாவது மாதம் எண்பத்தாறாயிரம்.

அன்று சாயங்காலமே நானும் வீட்டுக்காரரும் உட்கார்ந்து கூட்டினோம். கடை, என் சம்பளம், ட்யூஷன் எல்லாம் சேர்த்து ஐம்பத்தேழாயிரத்தில் நின்றது. ஆலங்குடியில் அவருடைய அண்ணன் பார்த்துக்கொள்ளும் தென்னையில் எங்கள் பங்கைச் சேர்த்தோம். அந்தப் பங்கு இதுவரை தேங்காயாகத்தான் வந்திருக்கிறதே தவிரப் பணமாக வந்ததில்லை. நான் ஊராருக்கு ஜாக்கெட் தைப்பதாகவும் எழுதினேன். என் ஜாக்கெட்டையே வெளியில் கொடுத்துத்தான் தைக்கிறேன். "நான் டீய விட்டுர்றேன், அதையும் சேத்துக்க" என்றார் அவர். எப்படியோ எழுபத்திரண்டாயிரம் வரைக்கும் இழுத்துவிட்டோம். மிச்சத்துக்கு பேங்க் மேனேஜர் மனசு வைப்பார் என்று நம்பினோம்.

இருவருமாகப் புதுக்கோட்டை பேங்குக்குப் போனோம். மேனேஜர் என்னைவிட இளைய பெண். மரியாதையாகத்தான் பேசினார்.

"சாருக்கு அறுபது ஆகுறதுக்குள்ள லோன் முடியணுங்க. பதினாலு வருசம்தான் இருக்கு. தவணை அம்பதாயிரம் வந்துரும். மாச வருமானம் ஒரு லட்சம் காட்டணும்."

எண்பத்தாறே எட்டாக்கனி, இப்போது ஒரு லட்சமாகிவிட்டது.

"வருமானத்துக்கு கவர்மென்ட் பேப்பர் ஏதாச்சும் வச்சிருக்கீங்களா?" என்று கேட்டார்.

"இருக்கு மேடம்" என்று முந்திக்கொண்டு எடுத்துக் கொடுத்தேன். தாசில்தார் கையெழுத்துள்ள பேப்பர் எங்கள் வீட்டில் அது ஒன்றுதான். மகளின் கல்லூரி உதவித்தொகைக்காக வருடா வருடம் இ-சேவை மையத்தில் வரிசையில் நின்று வாங்குகிற வருமானச் சான்றிதழ். எங்கள் தெருவில் முக்கால்வாசி வீட்டுக்கு அதில் ஒரே தொகைதான்.

மேனேஜர் அதைப் படித்தார். நாங்கள் நிரப்பிக் கொடுத்த விண்ணப்பத்தையும் பார்த்தார்.

"டீச்சர், இதுல எழுபத்திரண்டாயிரம் வருசத்துக்குன்னு போட்டிருக்கு."

அவர் சிரித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். சான்றிதழை மடிக்காமல் அப்படியே என் பக்கம் நகர்த்தினார். பிள்ளையின் படிப்புக்காக இத்தனை வருடம் கூசாமல் இல்லாதவளாக நின்றவள், அந்த நாற்காலியில் உட்கார்ந்து வெட்கத்தில் செத்தேன்.

திரும்பி வரும் பஸ்ஸில் பாதி வழியில் என் வீட்டுக்காரர் என் பக்கம் திரும்பினார். "லோன் கேக்கப் போன எடத்துல, ஏழைன்னு சர்டிபிகேட் குடுத்த மொத ஆளு நீதான் டீச்சர்" என்றார். இருவரும் சிரித்தோம். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, சிரிப்பால் மட்டுமல்ல.

தை பிறந்து நாலாம் நாள் புரோக்கர் இரண்டு பேரைக் கூட்டி வந்தார், அண்ணன் தம்பிகள். என் வீட்டுக்காரர் மோட்டார் கழற்ற வெளியே போயிருந்ததால் நான்தான் வீட்டைச் சுற்றிக் காட்டினேன். எனக்குள் ஒரு குரங்குப் புத்தி புகுந்தது.

"கோடையில போர்ல தண்ணியே வராதுங்க. மழை பேஞ்சா உள்ளுக்குள்ளதான் ஊத்தும்."

ரெண்டாவது பாதி உண்மை. முதல் பாதி சுத்தப் பொய்.

மூத்தவர் கூரையை ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. "அதனால என்னம்மா, இடிக்கத்தானே போறோம். எடத்துக்குத்தான் இந்த வெலை. காம்ப்ளக்ஸ் வருது. சாருக்கு வேணும்னா கீழ ஒரு கடை தாரோம். அட்வான்ஸ் மூணு லட்சம், வாடகை பன்னெண்டாயிரம்."

இப்போது வீட்டுக்கும் கடைக்கும் சேர்த்தே ஆறாயிரம்தான் கொடுக்கிறோம்.

என் வீட்டுக்காரர் வந்ததும் சொன்னேன். இடிக்கப் போவதையும், கடை தருவதாகச் சொன்னதையும். மோட்டாரை இறக்கிவைத்துவிட்டுக் கேட்டார்.

"கடை ரோட்டப் பாத்த மாதிரியா, உள்ள தள்ளியா?"

எனக்கு ஆத்திரம் வந்தது. இருக்கிற வீட்டையே இடிக்கப் போகிறார்கள் என்கிறேன், இந்த மனிதர் கடை எந்தப் பக்கம் என்கிறார். ஆனால் முகத்தைப் பார்த்ததும் அது அடங்கிவிட்டது.

"ரோட்டப் பாத்துதாங்க" என்றேன், அவர்கள் எந்தப் பக்கம் என்று சொல்லாவிட்டாலும்.

"அப்பச் சரி" என்று அவர் மோட்டாரைப் பிரிக்க உட்கார்ந்தார். வாடகை எவ்வளவு என்று கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.