ஒரு பேருக்காக ஜெபிச்சேன்

மூணு நாள் காய்ச்சல்ல கெடந்தேன். அந்த மூணு நாளும் என் ஊட்டுக் கதவ ஒருத்தரும் தட்டல. சபையில எழுந்து சாட்சி சொன்னா ஸ்தோத்திரத்துல ஆரம்பிக்கணும்னு நம்ம பாஸ்டரம்மா சொல்வாங்க. மன்னிச்சுக்கோங்க பாஸ்டரம்மா, எனக்கு அந்தக் கதவுலேர்ந்துதான் ஆரம்பிக்க வருது.

என் பேரு சலோமி. இங்க ஒக்காந்திருக்கிற பாதிப் பேருக்கு என்னத் தெரியும், வாய் ஜாஸ்தின்னு. கும்மிடிப்பூண்டி எஸ்டேட்ல ஒரு பவுடர் கம்பெனியில மூட்டை வாய் தைக்கிற வேல. மிஷின்ல மூட்டை வரும், தெச்சு அனுப்பணும், அடுத்தது வரும். புதுவாயலாண்ட ஒரு லைன் ஊட்டுல ஒரே ரூம். ரெண்டு பக்கமும் வடநாட்டுப் பசங்க. ஷிஃப்ட்டு மாத்தி ஷிஃப்ட்டு போவாங்க, யாரு இருக்காங்க யாரு இல்லன்னே தெரியாது. என் புருஷன் கல்யாணமான மூணாவது வருஷமே மஞ்சக் காமாலையில போய்ட்டாரு. புள்ள இல்ல. கூடப் பொறந்தவங்களும் இல்ல. அம்மா இருந்த வரைக்கும் சண்ட போடவாவது ஒரு ஆளு இருந்துச்சு. அதுவும் போயி இப்ப எட்டு வருஷம் ஆச்சு.

இது வயசான காலத்துக்குக் காசு சேக்குற சாட்சி. சிரிக்காதீங்க. கேன்சர் சொகமான சாட்சியெல்லாம் கேட்டுட்டு இத கேக்க உங்களுக்குச் சப்புன்னுதான் இருக்கும். எனக்கு இது உயிர் போற விஷயம்.

நான் வேலைக்குச் சேந்தப்ப அந்தக் காலத்து கான்ட்ராக்ட் மேஸ்திரி எங்கள வரிசையா நிக்க வெச்சுக் கேட்டாரு, "பிஎஃப் புடிக்கவா, முழு சம்பளமா கையில குடுக்கவா?" அப்படிக் கேக்கவே கூடாதுன்னு எங்களுக்கு இன்னா தெரியும்? எல்லாரும் கையில குடுன்னாங்க. ஒருத்திக்கு வாடக, ஒருத்திக்கு புள்ள ஸ்கூல் ஃபீஸு. எனக்கு அப்படி ஒரு கஷ்டமும் இல்ல. நான் ரட்சிக்கப்பட்டு அப்பதான் ஒரு வருஷம். ஆண்டவர் வருகை சமீபம், சமீபம்னு கூட்டத்துக்குக் கூட்டம் கேட்டு, அடுத்த வாரமே வந்துருவாருன்னு இருந்தேன். சத்தமாவே சொன்னேன்: "எனக்கு எதுக்கு மேஸ்திரி பிஎஃப்பு? ஆண்டவர் வந்து என்ன மேல கூட்டிக்கினு போய்ருவாரு. அந்தக் காச அப்புறம் அந்திக்கிறிஸ்துவா வந்து எடுப்பான்?" ஷெட்டே சிரிச்சுது. பெரிய சாட்சியா நின்னுட்டோம்னு எனக்கு ஒரே பெருமை.

பாஸ்டர் மேல பழி போடல. ஆயத்தமா இருங்கன்னுதான் அவரு சொன்னாரு. பிஎஃப் வேணாம்னு அவரு சொல்லவே இல்ல. அத நானே சேத்துக்கினேன். அப்படியே இருபது வருஷம் ஓடிப் போச்சு.

பக்கத்து மிஷின்ல கன்னியம்மாக்கா. என்ன விட பதினாலு வயசு பெரியவங்க. ஆடி மாசம் மாரியம்மனுக்குக் கூழு ஊத்துறவங்க. பதினாறு வருஷம் பக்கத்துல பக்கத்துல நின்னு தெச்சோம். காலையில வந்ததும் கேப்பாங்க, "இன்னாமே சலோமி, உங்க ஆண்டவரு இன்னிக்கி வர்றாரா? வர்றாருன்னா சொல்லு, ஓவர்டைம் பாக்காம நான் ஊட்டுக்குப் போறேன்." எனக்கு வர்ற கோவத்துக்கு அளவே இருக்காது. ஆனா மத்தியானம் அவங்க டப்பாவத் தொறந்தா கருவாட்டுக் கொழம்புல பாதி எனக்குத்தான். அவங்களும் சம்பளத்த கையில வாங்கின கூட்டம். முட்டி தேஞ்சு நிக்க முடியாம ஆனப்ப மேஸ்திரி, "நாளையிலேர்ந்து வராத"ன்னுட்டாரு. அவ்ளோதான். சூளூர்பேட்ட பக்கம் ஒரு பொண்ணக் கட்டிக் குடுத்திருந்தாங்க, அங்க போயிருப்பாங்கன்னு நெனச்சேன். நெனச்சதோட சரி. நாலு வருஷம் நான் போய்ப் பாக்கல.

இப்ப காய்ச்சலுக்கு வர்றேன். ரெண்டு வருஷத்துக்கு முன்ன, நவம்பர் மாசம். ஒரே மழ. செவ்வாக்கிழம வேல முடிஞ்சு வந்து படுத்தவதான். புதன், வியாழன், வெள்ளி, எழுந்திரிக்க முடியல. தண்ணி கேன் காலி. வெளியில போய்ப் புடிக்கத் தெம்பில்ல. ஃபோன் ரெண்டு தபா அடிச்சுது. ஒண்ணு, லோன் வேணுமான்னு ஒரு பொண்ணு. இன்னொண்ணு சூப்பர்வைசர். காய்ச்சல் சார்னேன். "சனிக்கிழம வந்துருவியா?"ன்னாரு. வெள்ளிக்கிழம உபவாச ஜெபத்துக்கும் நான் வரல. நீங்களும் யாரும் கேக்கல. குத்தமா சொல்லல, நடந்தத சொல்றேன்.

பாயில கெடந்துக்கினு யோசிச்சேன். இது வெறும் காய்ச்சல், நாலு நாள்ல எழுந்துருவேன். வேலையும் போயி, கையில ஒண்ணுமில்லாம, அறுவது வயசுல இதே பாயில கெடந்தா? கஞ்சி யாரு வெப்பாங்க? செத்தா எத்தினி நாள் கழிச்சுத் தெரியும்? ஹவுஸ் ஓனர் வாடகைக்கு வருவாரு. அப்ப தெரியும்.

ஜெபிச்சேன். நல்ல ஜெபம் இல்ல அது. "இருபது வருஷமா வர்றேன் வர்றேன்னு சொல்லிக்கினே இருக்கீங்க. உங்கள நம்பி ஒரு பைசா சேக்கல நான். வர்றதுன்னா இப்ப வாங்க. லேட்டாவும்னா வாயத் தொறந்து சொல்லுங்க, நான் என் வழியப் பாக்குறேன்." சொல்லிட்டு பயந்து போய்ட்டேன். அப்புறம் ரொம்ப நேரம் அழுதேன். ஒரு பதிலும் வரல.

ஒடம்பு தேறினதும் பொன்னேரிக்கு பஸ் ஏறி ஒரு பேங்க்குக்குப் போனேன். பென்ஷன் திட்டம்னு போஸ்டர் ஒட்டியிருந்துச்சு. கவுன்ட்டர்ல இருந்த பொண்ணு ஆதாரப் பாத்துட்டு, "இதுல நாப்பது வயசுக்குள்ள சேந்திருக்கணும்மா"ன்னா. அந்தப் பொண்ண இன்னா சொல்றது? நாப்பது வயசுல நான் இன்னா பண்ணிக்கினு இருந்தேன்? வருகைக் கூட்டத்துக்கு பேனர் கட்டிக்கினு இருந்தேன். திரும்பி வர்ற பஸ்ல ஜன்னல் பக்கம் மூஞ்சிய வெச்சுக்கினேன், யாரும் பாக்கக் கூடாதுன்னு.

டிசம்பர் மாசம் கம்பெனியில கான்ட்ராக்ட் மாறிச்சு. புதுசா வந்தவங்க, பிஎஃப் எல்லாருக்கும் கட்டாயம், கேள்வியே இல்லன்னுட்டாங்க. டைம் ஆபீஸ்ல பாலாஜின்னு ஒரு தம்பி, பொன்னேரிப் புள்ள, ஒவ்வொருத்தரா கூப்ட்டு ஃபாரம் எழுதுச்சு. என் ஆதாரப் பாத்துட்டு வெரல் விட்டு எண்ணுச்சு.

"யக்கா, உங்களுக்கு நாப்பத்தேழு வயசு அஞ்சு மாசம். பத்து வருஷம் கட்டினாதான் இதுல பென்ஷன் வரும். கட்டுறது அம்பத்தெட்டு வரைக்குந்தான். உங்களுக்கு பத்து வருஷம் ஏழு மாசம் கீது. இன்னும் எட்டு மாசம் கழிச்சு வந்திருந்தா கத முடிஞ்சுது."

"அதுல எவ்ளோ வரும் தம்பி?"ன்னு கேட்டேன். கொஞ்சந்தான் வரும், ஆனா சாவுற வரைக்கும் வரும்னுச்சு. நான் பாயில கெடந்து ஆண்டவரத் திட்டினதுக்குப் பதில் இதுதான்னு எனக்குப் பட்டுச்சு. அவரு இன்னிக்கி வர்றேன்னும் சொல்லல, வர மாட்டேன்னும் சொல்லல. ஏழு மாசம் மிச்சம் வெச்சு ஒரு கதவத் தொறந்து விட்டாரு. இனிமே இந்தப் பத்து வருஷத்துல மொத்தமா ஏழு மாசத்துக்கு மேல நான் வேலையில்லாம ஒக்காந்துறக் கூடாது. அதான் கணக்கு.

"நாமினி பேரு சொல்லுங்க"ன்னுச்சு பாலாஜி.

"அப்டின்னா?"

"நீங்க போய்ட்டா பணம் யாருக்குப் போவணும்?"

வாய் சும்மா இருக்குதா? "எனக்கு யாரு இருக்கா? ஆண்டவர் பேரப் போடு"ன்னேன்.

"ஆதார் கார்டு வேணும்க்கா. அவருக்குக் கீதா?"

பின்னாடி நின்ன பொம்பளைங்க எல்லாம் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். சிரிச்சுக்கினே வெளிய வந்து, சைக்கிள் ஸ்டாண்டாண்ட நின்னு அழுதேன். திங்கக்கிழமக்குள்ள பேரு வேணும், இல்லன்னா இந்த மாசம் ஃபாரம் போவாதுன்னு அந்தத் தம்பி சொல்லியிருந்துச்சு. அந்த ஏழு மாசத்துல ஒண்ணு அங்கயே போய்ரும்.

ரூமுக்கு வந்து ஃபோன்ல இருக்கிற பேரையெல்லாம் பாத்தேன். கேஸ்காரரு. தண்ணி கேன். ஷேர் ஆட்டோ. சூப்பர்வைசர். ஹவுஸ் ஓனர். பாஸ்டரம்மா நம்பரும் இருந்துச்சு, ஆனா அவங்களுக்குப் புருஷன், புள்ளைங்க, அவங்க ஊடு நெறைய சொந்தம். அவங்க பேரப் போட்டா அது பிச்ச கேக்குற மாதிரி ஆயிடும்னு தோணுச்சு. நாப்பத்தேழு வருஷம் இந்த ஊருல இருந்துட்டு ஒரு பேரு இல்ல எங்கிட்ட.

அந்த வெள்ளிக்கிழம ஜெபச் சீட்டுல ஒரே வரி எழுதிப் போட்டேன், "ஒரு பேரு வேணும்." பாஸ்டரம்மா படிச்சுட்டு, "யாரு ஊட்டுக் கொழந்தைக்கு சிஸ்டர்?"னு கேட்டாங்க. ஞாபகம் இருக்கா பாஸ்டரம்மா? எனக்கு வெளக்கிச் சொல்ல வெக்கமா இருந்துச்சு. தெரிஞ்சவங்கன்னு சொல்லிட்டேன்.

முட்டி போட்டேன். ஒரு நல்ல விசுவாசியக் காட்டுங்க ஆண்டவரேன்னு கேட்டேன். கண்ண மூடினா கன்னியம்மாக்கா மூஞ்சி. அந்தாண்ட தள்ளிட்டு மறுபடியும் கேட்டேன். மறுபடியும் அதே மூஞ்சி, கையில அந்தக் கொழம்பு டப்பாவோட. இவங்கள எதுக்குக் காட்டுறீங்கன்னு சண்ட போட்டேன். அப்பதான் சுருக்குன்னுச்சு. என் கதவ யாரும் தட்டலன்னு அழுதேனே, அந்தப் பொம்பள கதவ நான் என்னிக்கித் தட்டினேன்?

சனிக்கிழம லீவு போட்டேன். ஷெட்டுல பழைய ஆளுங்களக் கேட்டு, பொன்னேரியில ஒரு கல்யாண மண்டபத்துல கண்டுபுடிச்சேன். பின்பக்கம் பைப்பாண்ட ஒக்காந்து அண்டா தேச்சுக்கினு இருந்தாங்க. பாதியா எளச்சுப் போயிருந்தாங்க. என்ன ஏற எறங்கப் பாத்தாங்க.

"இன்னாமே, உங்க ஆண்டவரு வந்துட்டாரா?"

"இன்னும் வரலக்கா. நான்தான் வந்தேன்."

சிரிக்க வாயத் தொறந்தாங்க, சிரிப்பு வரல. சோப்புக் கையோட முந்தானையால மூஞ்சிய மூடிக்கினாங்க. பொண்ணு ஊட்டுல மருமவனுக்கு ஆவலையாம். மண்டபத்துலயே, சாமான் போடுற ரூம்ல படுத்துக்குறாங்களாம். "மொத வருஷம் நீ வருவேன்னு பாத்தேன்டி. அப்புறம் பாக்கல"ன்னாங்க. இன்னொரு அண்டாவ இழுத்துப் போட்டுக்கினு நானும் தேய்க்க ஆரம்பிச்சேன். அவங்க ஆதார் கார்டு ஜெராக்ஸ வாங்கிக்கினு, எதுக்குன்னும் சொல்லிட்டுதான் வந்தேன். "பைத்தியமா நீ?"ன்னு கேட்டாங்க.

திங்கக்கிழம பாலாஜிகிட்ட குடுத்தேன். "யக்கா, நாமினின்னா உங்களுக்கு அப்புறம் இருக்கிறவங்க. இவங்களுக்கு அறுவத்தொண்ணு ஆவுது. சின்ன வயசாப் பாத்துப் போடுங்க"ன்னுச்சு.

"எனக்கு அப்புறம் யாரு இருப்பாங்கன்னு உனக்குத் தெரியுமா? இப்ப இவங்கதான் இருக்காங்க. எழுது."

"இன்னா ஒறவு?"

"பக்கத்து மிஷின்."

அந்தத் தம்பி ஃபிரெண்டுன்னு எழுதிக்கிச்சு.

பொங்கல் முடிஞ்சு அக்கா எங்கூட வந்துட்டாங்க. இன்னும் மண்டபத்துக்கு வேலைக்குப் போறாங்க, வாடகையில பாதி குடுக்குறாங்க. எனக்கு மிச்சமாவுற அந்தப் பாதி மாசாமாசம் போஸ்ட் ஆபீஸுக்குப் போவுது. விசுவாசி ஊட்டுல மாரியம்மன் படமான்னு உங்கள்ல சில பேரு கேட்டீங்க. அந்த மூலையில அவங்க அம்மன், இந்த மூலையில என் பைபிள். அவங்க ரட்சிக்கப்படணும்னு தெனமும் ஜெபிக்கிறேன். அவங்க அம்மன்கிட்ட எனக்காக இன்னா கேக்குறாங்களோ, வாய் கொறையணும்னுதான் கேப்பாங்க.

தனிமை போய்டுச்சான்னு கேட்டா பொய் சொல்ல மாட்டேன். முகூர்த்த நாள்ல அக்கா மண்டபத்துலயே தங்கிட்டா அந்த ரூம் பழைய ரூமாத்தான் இருக்கு. வயசு போனது போனதுதான், அந்த இருபது வருஷத்த யாரும் திருப்பித் தர மாட்டாங்க. இன்னும் எட்டு வருஷம் நான் நின்னு தைக்கணும். முட்டி இப்பவே சத்தம் போடுது. ஆனாலும் ஸ்தோத்திரம். ஏழு மாசத்துல ஒரு மாசம் கூட இன்னும் கொறையல. வருகைக்கும் காத்துக்கினுதான் இருக்கேன். காத்திருக்கிறவ வேலைக்குப் போவக் கூடாது, சேத்து வெக்கக் கூடாதுன்னு அவரு சொன்னதே இல்லன்னு இப்பதான் எனக்குப் புரிஞ்சுது.

ஷெட்டுக்குப் புதுசா வர்ற பொண்ணுங்ககிட்ட மொத நாளே கேக்குறேன், பிஎஃப் நம்பர் வாங்கிட்டியான்னு. வெள்ளிக்கிழம ஜெபத்துக்கு வராதவங்க ஊட்ட சனிக்கிழம போய்த் தட்டுறேன். சில பேருக்குப் புடிக்கல, தெரியும். தட்டிக்கினுதான் இருப்பேன்.

நம்ம சபையிலயே ஒரு ரூம்ல தனியா இருக்கிறவங்க மூணு பேர எனக்குத் தெரியும். எழுப்பி நிக்க வெக்க மாட்டேன், பயப்படாதீங்க. லேட்டாயிடுச்சுன்னு ஒக்காந்துறாதீங்க. ஆண்டவர்கிட்ட கேளுங்க. கோவம் வந்தா கோவத்தோடயே கேளுங்க, அவரு தாங்குவாரு. எனக்குக் குடுத்தவரு உங்களுக்கும் குடுப்பாரு. எங்கனா போயி எதுலனா சேருங்க, இந்த வாரமே சேருங்க. ஃபாரத்துல பேரு கேட்டு, போடுறதுக்கு ஆளு இல்லன்னா சைக்கிள் ஸ்டாண்டாண்ட நின்னு அழாதீங்க. எங்கிட்ட வாங்க. உங்க பணம் எனக்கு வேணாம், அத சபைக்குக் குடுத்துருவேன். சலோமின்னு எழுதிக்கோங்க.