சனியைப் பார்க்கப் போன ஞாயிறு

அம்மா வாலாஜாபாத்தில் ஜோசியரிடம் என் ஜாதகத்தைக் காட்டியபோது, எனக்கு ஏழரைச் சனி நடக்கிறது, கல்யாணம் தள்ளிக்கொண்டுதான் போகும் என்று அவர் சொல்லிவிட்டார். சொன்னது போலவே இரண்டு வரன்கள் பேசி முடியும் நேரத்தில் கலைந்து போயின. அம்மா சனிக்கிழமை தவறாமல் நவக்கிரகத்துக்கு எள் விளக்கு ஏற்றினாள். நான் ஊருக்குப் போனால் என்னையும் இழுத்துக்கொண்டு போவாள். சனிக்கு நேரெதிரே நிற்காதே, ஓரமாக நில் என்பாள்.

நான் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் செல்போன் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டு ஹாஸ்டலில் தங்கியிருந்தேன். மூன்றாவதாக வந்த வரன் குன்றத்தூர்க்காரர். ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் இருந்தார். முறையாகப் பெண் பார்க்க வருவதற்கு முன்னால் இருவரும் வெளியில் ஒருமுறை பேசிக்கொள்ளட்டும் என்றார் தரகர். எல்லோரும் குன்றத்தூர் மலைக்கோயிலைச் சொன்னார்கள். நான் சென்னையில் இருக்கும் கோளரங்கத்தைச் சொன்னேன். லைனில் எனக்குப் பக்கத்தில் நிற்கும் பெண் அங்கே போய்வந்து, சனி வளையத்தோடு தலைக்கு மேலேயே வரும் என்று சொல்லியிருந்தாள். என்னை இந்தப் பாடு படுத்துகிறதை ஒருமுறை நேராகப் பார்த்துவிட வேண்டும் என்று அன்றிலிருந்து மனசு அரித்துக்கொண்டே இருந்தது.

அந்த ஞாயிறு காலைதான் நைட் ஷிப்ட் முடிந்திருந்தது. குளித்துப் புடவை கட்டிக்கொண்டு, ஊரிலிருந்து துணைக்கு வந்த அண்ணியோடு பஸ் ஏறினேன். அவர் எங்களுக்கு முன்பே வந்து வாசலில் காத்திருந்தார். மூவருமாகத் தமிழ்க் காட்சிக்குள் போனோம். எனக்கு ஒரு பக்கம் அண்ணி, மறு பக்கம் அவர். அவரைப் பார்ப்பதா, மேலே பார்ப்பதா, என்ன கேட்பது என்று உள்ளுக்குள் ஒரே அலைச்சல். ராத்திரி முழுக்க நின்ற களைப்பு வேறு. சாய்ந்த இருக்கை, ஏசி குளிர், விளக்கும் அணைந்துவிட்டது. கூரைத் திரையில் மேற்கே சூரியன் இறங்குவது வரைக்கும்தான் நினைவிருக்கிறது. கண் விழித்தபோது எல்லோரும் எழுந்து வெளியே போய்க்கொண்டிருந்தார்கள்.

"சனி வந்துச்சா?" என்று அவரைக் கேட்டேன். அவரிடம் நான் பேசிய முதல் பேச்சு அதுதான்.

"வந்துச்சுங்க. உங்களுக்கு ஏழரை நடக்குதுன்னு தரகர் சொல்லிகினு இருந்தாரு. அதுக்குப் போயி உங்கள இன்னாத்துக்கு எழுப்பணும்னு வுட்டுட்டேன்."

எனக்குச் சுறுக்கென்று கோபம் வந்தது. "அதப் பாக்கத்தான் வந்தேன்" என்றேன். அண்ணி என் கையைக் கிள்ளினாள்.

அவர் எழுந்து வெளியே போனார். கோபித்துக்கொண்டு கிளம்பிவிட்டார் என்றே நினைத்தேன். அவரோ டிக்கெட் வாங்கிக்கொண்டு திரும்பி வந்தார். அடுத்தது இங்கிலீஷ் காட்சியாம். அன்றைக்கு அவருக்குக் கம்பெனியில் ஓவர்டைம் வேலை இருந்தது. சூப்பர்வைசருக்குப் போன் போட்டு, வர நேரமாகும் என்றார். அந்தப் பக்கத்தில் குரல் ஏறுவது எனக்கே கேட்டது. இன்னொரு தரம் தன்னால் ஆகாது என்று அண்ணி வெளியில் மர நிழலில் உட்கார்ந்துவிட்டாள்.

இந்த முறை நான் சாயவே இல்லை. இருக்கை நுனியில் உட்கார்ந்து, கேட்டுவிடுவோம் என்று கேட்டேன். கல்யாணத்துக்கு அப்புறம் நான் வேலைக்குப் போகலாமா?

"எங்கம்மா, வூட்டோட இருக்கிற பொண்ணாத்தான் தேடறாங்க."

"நீங்க?"

"தெரியலங்க. இன்னும் யோசிக்கல."

இப்படி ஒரு பதிலை நான் எதிர்பார்க்கவில்லை. பொய்யாகவாவது சரி என்றிருக்கலாம். எழுந்து அண்ணியிடம் போய்விடலாமா என்று தோன்றும்போது விளக்கு அணைந்தது. இங்கிலீஷ் முக்கால்வாசி புரியவில்லை. ஒவ்வொரு கிரகமாக வந்து போக, எனக்கு இருப்பே கொள்ளவில்லை. கடைசியில் அது வந்தது. சந்தன நிறத்தில், வளையம் சற்றே சாய்ந்து, அவ்வளவு பெரிதாக. ஓரமாக ஒதுங்கச் சொல்ல யாரும் இல்லை. கழுத்து வலிக்க நிமிர்ந்து பார்த்தேன். பயம் வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. அது பாட்டுக்கு மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

"அந்த வளையம் எல்லாம் ஐஸ் கட்டிதானாம். தமிழ்ல சொன்னாங்க" என்று அவர் கிசுகிசுத்தார்.

"எல்லாமா?"

"கல்லும் கொஞ்சம் கீதாம்."

வெளியே வந்ததும் அவர் என் நம்பரை வாங்கிக்கொண்டு ஒரகடத்துக்கு ஓடினார். பஸ்ஸில் அண்ணி, பிடித்திருக்கிறதா என்று கேட்டுக்கொண்டே வந்தாள். தெரியவில்லை என்றேன். உட்கார்ந்தால் தூங்கிவிடுகிற நான், அன்று ஸ்ரீபெரும்புதூர் வரைக்கும் கண்ணை மூடவில்லை. அந்த வாரம் முழுக்க லைனில் கை வேலை செய்ததே தவிர, மனம் லாக்கரில் வைத்துவிட்டு வந்த போனிலேயே இருந்தது.

அடுத்த ஞாயிறு அவரே கூப்பிட்டார்.

"நீங்க வேலைக்குப் போங்க. அம்மாகிட்ட சொல்லிட்டேன். கத்தினாங்க. ரெண்டு நாளா பேசல, இப்பதான் சோறு போட்டாங்க."

ஏழரை முடியும் வரை பொறுக்கலாம் என்று அம்மா கெஞ்சிப் பார்த்தாள். நான் கேட்கவில்லை. ஆவணியில் கல்யாணம் நடந்தது. பதினைந்து நாள் லீவு முடிந்து, குன்றத்தூரில் கம்பெனி பஸ்ஸுக்கு நின்றபோது, மாமியார் டிபன் டப்பாவை என் கையில் திணித்துவிட்டு, முகத்தைப் பார்க்காமல் திரும்பி நடந்தார்.