இடது பக்கத்துப் பூட்டு

எங்கள் நைனாவுக்குப் பிள்ளைகள் மூன்று: அக்கா, நான், மூன்றாவதாக அந்தப் பட்டாளத்து லாரி. மூன்றில் யாருக்குச் செல்லம் அதிகம் என்று யாரும் கேட்டதில்லை, கேட்கத் தேவையும் இல்லை. பட்டாளத்தில் கழித்துப்போட்ட வண்டியை ஏலத்தில் எடுத்து, பச்சைப் பெயிண்டைக்கூட மாற்றாமல் எண்ணூர்க் கரையிலிருந்து கல்மண்டபம் மார்க்கெட்டுக்கு மீன் ஏற்றிக்கொண்டிருந்தார். கரையில் அம்மா மீனை ஏலம் எடுப்பாள், நைனா ஏற்றி வருவார். அதுதான் எங்கள் பிழைப்பு.

நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி. மணலில் அதை அடித்துக்கொள்ள ஆளே கிடையாது. தார் ரோட்டில் ஏறினால்தான் தலைவலி. தேவையில்லாத இடத்திலும் முன் ஆக்சில் சேர்ந்தே சுற்றும். ஸ்டியரிங் கல்லாய்க் கனக்கும், பெட்ரோல் தண்ணீராய்ப் போகும். டோல்கேட் தாண்டுவதற்குள் நைனாவின் வாயிலிருந்து வராத வார்த்தை இருக்காது. லீவரைத் தள்ளினால் முன் ஆக்சில் விலக வேண்டும், விலகாது. விலகித் தொலைத்தால் மறுபடி சேராது. லீவர் ராடை மாற்றிப் பார்த்தார். எல்லாரும் செய்கிற மாதிரி முன் ஷாஃப்டையே கழற்றி மூலையில் போட்டார். அடுத்த வாரமே வண்டி மணலில் புதைந்து, ஒரு லோடு வஞ்சிரம் வெயிலில் நாறிப்போனது. திட்டிக்கொண்டே திரும்ப மாட்டினார்.

கடைசியில் புதுப்பேட்டையில் ஒரு மெக்கானிக், துறைமுகத்தில் உடைத்த ஏதோ வெளிநாட்டு ஜீப்பிலிருந்து எடுத்த இரண்டு பூட்டுகளை மாட்டிக்கொடுத்தார். முன்சக்கரம் ஒவ்வொன்றின் நடுவிலும் ஒன்று. கையால் திருகிப் பூட்டினால் சக்கரம் ஆக்சிலோடு சேரும். திறந்துவிட்டால் சக்கரம் தன்பாட்டுக்கு உருளும், ஆக்சில் சும்மா கிடக்கும். ஆனால் மணலில் இரண்டு பக்கமும் பூட்டியிருக்க வேண்டும். ஒரு பக்கம் திறந்திருந்தால் போதும், எஞ்சின் முறுக்கெல்லாம் அந்தப் பக்கமே வீணாகச் சுற்றிப் போய்விடும், பூட்டிய பக்கமும் இழுக்காது. அதை மாட்டிய அன்று நைனா தெருவுக்கே டீ வாங்கிக் கொடுத்தார்.

அதற்குப் பிறகு தினமும் ஒரு வழக்கம் வந்தது. தார் முடிகிற இடத்தில் வண்டி நிற்கும். நைனா இறங்கி வலது பக்கத்தைத் திருகுவார், அம்மா இடது பக்கத்தை. "போட்டியா?" என்பார் நைனா. "போட்டாச்சு" என்பாள் அம்மா. அவ்வளவுதான். வேறு எந்த விஷயத்திலும் அம்மாவின் பேச்சைக் காதில் வாங்காத மனுஷன், இந்த ஒரு வார்த்தையை மட்டும் ஒரு நாளும் சரிபார்த்ததில்லை.

அக்காவை எண்ணூருக்கு அப்பால், மணல் தாண்டி ஒரு குப்பத்தில் கட்டிக்கொடுத்திருந்தோம். அந்தக் கோடையில் அவள் ஒரு துணிப்பையோடு வீட்டுக்கு வந்துவிட்டாள். குளிக்கும்போது என்னை உள்ளே விடமாட்டாள். மல்லாந்து படுக்கமாட்டாள். எனக்கு எட்டு வயது, எனக்கு என்ன தெரியும்? அக்கா பக்கத்தில் படுத்துக் கதை பேசுகிற சந்தோஷத்தில் இருந்தேன். மாதா கோயில் பெரியவர்கள் வந்து சமாதானம் பேசினார்கள். மாப்பிள்ளை மாதா படத்துக்கு முன்னால் இனி குடிப்பதில்லை என்று சத்தியம் செய்தாராம். படத்துக்கு வாயிருந்தால் சிரித்திருக்கும்.

"அனுப்பாத. கொன்னுடுவான்" என்றாள் அம்மா.

"பெரியவ வாழாவெட்டியா வூட்ல கீறான்னு தெரிஞ்சா, நாளைக்கி சின்னவள எவன் கட்டுவான்? நீ சொல்லு" என்றார் நைனா.

சின்னவள் என்றால் நான். கதவோரம் நின்றிருந்த அக்கா என்னைப் பார்த்தாள்.

ஒரு மத்தியானம் அக்காவைக் கொண்டுபோய் விட நாலு பேரும் வண்டியில் ஏறினோம். தார் முடிந்த இடத்தில் வழக்கம்போல நைனா இறங்கினார், அம்மா இறங்கினாள். "போட்டியா?" "போட்டாச்சு." ஏறி உட்கார்ந்த அம்மா, நெற்றியிலிருந்து சிலுவை போட்டுக்கொண்டாள். பயணத்துக்காக என்று நினைத்து நானும் போட்டுக்கொண்டேன்.

கொஞ்ச தூரத்திலேயே வண்டி புதைந்தது. பின்சக்கரங்கள் மணலை வாரி இறைத்தன, முன்னால் ஒரு அசைவில்லை. நைனா வண்டியை கியரிலேயே விட்டு இறங்கி, வயிறு மணலில் படக் குனிந்து அடியில் பார்த்தார். "ஷாஃப்ட் சுத்திகினுதான் கீது, சக்கரம் இஸ்க்க மாட்டேங்குதே. உள்ள ஆக்சில் ஒட்ஞ்சிட்ச்சா?" என்று தனக்குத்தானே புலம்பினார். லீவரைப் பார்த்தார், தன் பக்கத்துப் பூட்டைத் திறந்து மறுபடி பூட்டினார். அம்மாவின் பக்கம் போகவே இல்லை. அங்கேதான் போட்டாச்சே.

"இன்னிக்கி நேரமே சரியில்ல. வூட்டுக்குப் போலாம்" என்றாள் அம்மா. குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

நைனா மணலில் உட்கார்ந்துவிட்டார். அப்புறம் முகத்தைத் துண்டால் அழுத்தித் துடைத்துக்கொண்டு, "சரி, போலாம். மாதாவுக்கே புடிக்கல போல" என்றார். ஐயோ, எனக்கு வந்த சந்தோஷம்! இன்றைக்கும் அக்கா என் பக்கத்தில்தான் படுப்பாள்.

அப்போதுதான் அக்கா இறங்கினாள். நேராக இடது சக்கரத்தின் முன்னால் போய்க் குந்தினாள். "வேணாண்டி" என்றாள் அம்மா. எனக்கே சரியாகக் கேட்காத குரல். அக்கா பூட்டைத் திருகினாள். 'டக்'கென்று விழுந்தது. கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள்.

"போலாம் நைனா. இருட்டறதுக்குள்ள போய்ட்டா அவரு ஒண்ணும் சொல்ல மாட்டாரு."

அடுத்த மழைக்காலம் வரை அக்கா உயிரோடு இருக்கவில்லை. அடுப்புத் தீ புடவையில் பற்றியது என்றார்கள். நாங்களும் ஊருக்கு அப்படியே சொன்னோம்.

ஆனால் அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான். "அம்மா பூட்ட மறந்துட்டா! அக்காதான் கண்டுபுட்ச்சா!" என்று கத்தினேன். ஒரு நட்டு தொலைந்தால் ஏழு தலைமுறையை இழுக்கிற நைனா, அம்மாவை ஒரு வார்த்தை திட்டவில்லை. அவளைப் பார்த்தார். பிறகு அக்காவைப் பார்த்தார். அப்போதாவது வண்டியைத் திருப்பியிருக்கலாம். படுபாவி மனுஷன், கியரைப் போட்டார். வண்டி ஒரே இழுப்பில் மேலேறியது. அதற்காக அவரை நான் மன்னித்தேனா என்று கேட்டால், இன்றுவரை தெரியவில்லை.

வழியெல்லாம் எனக்கு அக்காமேல் கோபம். வீட்டுக்குத் திரும்பிப் போகிற நேரத்தில் இவளை யார் இறங்கச் சொன்னது? புருஷன் வீட்டுக்குப் போக அப்படி என்ன அவசரம்? எங்களைவிட அந்த ஆள்தான் பெரிசா? குப்பத்து வாசலில் இறங்கிய அக்கா, என் கன்னத்தைத் தொடக் கையை நீட்டினாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு சுண்டுவிரலைக் காட்டி, "காய்! ஒன்கூடப் பேச மாட்டேன்" என்றேன். அக்கா சிரித்துக்கொண்டே உள்ளே போனாள். அடுத்த தடவை அவள் வரும்போது பழம் விட்டுக்கொள்ளலாம், அக்கா எங்கே போய்விடப் போகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.