மாதுளம்பழச் சாறு குடித்த ஜின்

என் சாச்சி இங்கிலீஷ் புத்தகம் வாசிப்பவள் என்பது அலவத்துகொடவில் எங்கள் பாதை முழுக்கத் தெரியும். எப்படிப்பட்ட புத்தகம் என்பதுதான் யாருக்கும் தெரியாது. சாச்சி உம்மாவின் கடைசித் தங்கை; எங்கள் வீட்டிலேயே இருந்தாள். கண்டி டவுனில் பழைய புத்தகக் கடைகளில் வாங்கிவந்து, அட்டையில் சட்டையில்லாமல் நிற்கிற வெள்ளைக்காரனை பிரவுன் பேப்பரால் மூடி, மேலே ‘விஞ்ஞானம்’ என்று லேபல் ஒட்டிவிடுவாள். அந்த வெள்ளைக்காரனுக்குக் கோரைப்பல் இருந்ததை நான் ஒருநாள் பேப்பரைக் கழற்றித்தான் கண்டுபிடித்தேன்.

பகல் சாப்பாட்டுக்குப் பிறகு வாப்பா கடைக்குத் திரும்பியதும், உம்மாவும் வாப்பாவின் கூடப்பிறந்த ராத்தாவான மாமியும் கராம்பைக் கொட்டிக் காம்பு பொறுக்க உட்காருவார்கள். சாச்சி கதிரையில் இருந்துகொண்டு, முதல் நாள் விட்ட இடத்திலிருந்து கதையைத் தமிழில் சொல்லுவாள். புத்தகத்தில் அது மழை விடாத ஏதோ ஒரு வெளிநாட்டு நகரம். சாச்சியின் வாயில் அது கண்டி. பகலில் வெளியே வராத, சாவே இல்லாத ஒருவன் ஒரு பெண்ணைக் காதலிக்கிறான். அவனை என்னவென்று சொல்வது என்று யோசித்து, ஜின் என்று வைத்துக்கொண்டாள். மாமிக்கு ஜின்னில் ஆட்சேபனை இல்லை. அது எந்த மார்க்கம் என்று மட்டும் கேட்டாள். அன்றைக்கே சாச்சி ஜின்னுக்குக் கலிமா சொல்லிக் கொடுத்துவிட்டாள். அது ஏன் இவ்வளவு மாதுளம்பழச் சாறு குடிக்கிறது, அந்தப் பெண்ணைக் காணும்போதெல்லாம் ஏன் திரும்பத் திரும்ப சலாம் சொல்கிறது என்பதுதான் எனக்குப் புதிராக இருந்தது.

அந்த மாதம் வீட்டுக்கு இரண்டு செய்திகள் வந்தன. கொழும்பில் ஒரு பாடசாலைக்கு இங்கிலீஷ் டீச்சராக வரச்சொல்லி சாச்சிக்கு ஒரு கடிதம். திகனயில் புடவைக்கடை வைத்திருப்பவரின் வீட்டிலிருந்து ஒரு சம்பந்தம். கல்யாணத்துக்குப் பிறகு வேலையெல்லாம் தேவையில்லை என்று அவர்கள் சொல்லியனுப்பியிருந்தார்கள். உம்மாவுக்குத் திகனதான் பிடித்திருந்தது. பெரியவர்கள் சாச்சியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கோ ஜின்னின் கவலை. தன்னோடு வரும்படி அது அந்தப் பெண்ணைக் கேட்டிருந்தது. அவள் வீட்டை விட்டுப் போவாளா, மாட்டாளா என்ற இடத்தில் கதை நின்றுபோனது. நாலு நாளாகச் சாச்சி தலைவலி என்றாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. ஐந்தாம் நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ‘விஞ்ஞான’த்தையும் அகராதியையும் தூக்கிக்கொண்டு, மிளகுச் சாக்குகள் இருந்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். எனக்குப் பதினொரு வயது. வகுப்பில் இங்கிலீஷுக்கு நான்தான் முதல். அந்தக் கர்வத்தை ஊட்டியதே சாச்சிதான். புத்தகத்தில் மாதுளம்பழம் எங்குமே இல்லை. இரத்தம்தான் இருந்தது, அதுவும் பக்கத்துக்குப் பக்கம். சலாம் சொல்லும் இடம் வந்தபோது அகராதியைத் திறந்து, பார்த்து, மூடி, கதவு சாத்தித்தான் இருக்கிறதா என்று இன்னொரு தடவை பார்த்துக்கொண்டேன். கடைசி அத்தியாயத்தில் அந்தப் பெண் ஒரு பையில் உடுப்புகளை அடுக்கி, தாய்க்கு ஒன்றும் சொல்லாமல், விடிவதற்கு முன் படியிறங்கிப் போய்விட்டாள்.

அடுத்த நாள் சாச்சியே முடிவைச் சொன்னாள். அந்தப் பெண் உம்மாவை நினைத்து அழுது, ஜின்னுக்குக் கடைசி சலாம் சொல்லி, ஜன்னலை மூடிக்கொண்டாளாம். மாமி மூக்கைச் சிந்தினாள். அவள்தான் நல்ல பிள்ளை என்றாள் உம்மா, சாச்சியைப் பார்த்தபடி.

“அப்படி இல்ல சாச்சி,” என்றேன். “அவ பேக்கைத் தூக்கிட்டுப் போயிடுறா. நான் வாசிச்சேன்.”

கராம்பு பொறுக்கிய கைகள் நின்றன. உம்மா எழுந்துபோய்ப் புத்தகத்தை எடுத்துவந்து, அந்த இடத்தைச் சாச்சியிடமே வாசிக்கச் சொன்னாள். பக்கத்தை நானே விரித்துக் கொடுத்தேன். சாச்சி வரியின் கீழ் விரலை வைத்து, ஒவ்வொரு வசனமாகத் தமிழில் சொல்லிக்கொண்டு போனாள். விரல் இருந்த இடத்தில் அந்தப் பெண் படியிறங்கிக்கொண்டிருந்தாள். சாச்சியின் வாயில் அவள் ஜன்னலுக்குக் கொக்கி போட்டாள்.

“பிள்ளைக்கு இன்னம் இங்கிலீஷ் சரியா விளங்கல்ல,” என்று சொல்லிப் புத்தகத்தை மூடினாள்.

உம்மாவும் மாமியும் சிரித்துவிட்டுக் கராம்புக்குத் திரும்பினார்கள். நான் அவமானத்தில் அழுதேன். சாச்சி என் முகத்தைப் பார்க்காமலே எழுந்து போனாள். இவளுக்குத்தான் இங்கிலீஷ் தெரியாது, இத்தனை நாளும் எல்லோரையும் ஏமாற்றியிருக்கிறாள் என்று நான் முடிவு கட்டினேன். இரண்டு நாள் அவளோடு பேசவில்லை.

மூன்றாம் நாள் விடிய முன் சுபஹுத் தொழுகைக்கு எழுந்த உம்மா, சாச்சியின் கட்டிலில் யாரும் இல்லாததைக் கண்டாள். அலுமாரியில் பாதி உடுப்பைக் காணவில்லை. பத்து மணிபோலக் கொழும்பிலிருந்து போன் வந்தது. பெண்கள் விடுதியில் இடம் கிடைத்துவிட்டதாம், திங்கட்கிழமை வேலையில் சேர்கிறாளாம். உம்மா போனை என் கையில் தந்துவிட்டுச் சுவரோரமாக உட்கார்ந்துவிட்டாள்.

எனக்குக் கேட்பதற்கு ஒன்றுதான் இருந்தது.

“சாச்சி, நான் வாசிச்சது சரிதானே?”

“சரிதான் மகள். எல்லாம் சரியாத்தான் வாசிச்சிருக்கீங்க.”

எனக்குத் தலைகால் புரியவில்லை. உம்மாவிடம் ஓடி, “பாத்தீங்களா உம்மா, எனக்கு இங்கிலீஷ் நல்லா விளங்கி ஈக்கி, சாச்சியே சொல்றாங்க” என்றேன். உம்மா பளாரென்று என் கன்னத்தில் ஒன்று வைத்தாள். வைத்துவிட்டு என்னையே இறுக்கிக் கட்டிக்கொண்டு அழுதாள். சரியான விடைக்கு ஏன் அடி விழுந்தது என்று அன்று முழுக்க நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.